ஐயாயிரம் அடிக்கோட்டுக்குக் கீழே



இலக்கியத் தொடரில் நகர அமைப்பைப் பற்றி ஒரு தமிழாசிரியன் பேச வரலாமா என்று சிலர் நினைக்கலாம். நிலத்தை முதற்பொருள் என்று வைத்த இலக்கணம் நம்முடையது. எனவே இந்தப் பொருள் நமக்குப் புறம்பானதன்று என்ற துணிவோடு எங்கள் ஊர் மஸ்கெலியாவிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் பகுதியின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். மவுசாகலை என்று நாம் தமிழில் வழங்கும் பெயரின் ஈற்றில் இருப்பது 'கெலே' என்ற சிங்களச் சொல். காடு என்பது அதன் பொருள். சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் இருப்பது நல்லதண்ணி; அந்தப் பெயருக்கு உரை தேவையில்லை. இவற்றுக்கிடையே மொரே, கார்ட்மோர், கிளென்டில்ட், ஸ்ட்ரத்ஸ்பே என்று தோட்டப் பெயர்கள் வருகின்றன. இவை ஸ்கொத்லாந்து ஊர்களின், பள்ளத்தாக்குகளின் பெயர்கள். காட்டின் பெயர் ஒன்று, நீரின் பெயர் ஒன்று, கடல் கடந்து வந்த துரைமாரின் சொந்த ஊர்ப் பெயர்கள் பல. இந்த நிலத்தில் என்ன இருந்தது, யார் வந்தார்கள் என்பதைச் சொல்ல இவையே போதும். தொழிலாளர் குடியிருந்த வரிசைகளுக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. 'அஞ்சாம் லயம்', 'பத்தாம் லயம்' என்று இலக்கங்களே கிடைத்தன.

வகுப்பில் ஐந்திணை நடத்தும்போது மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று சொல்கிறேன். வேங்கையும் சந்தனமும் அகிலும் மூங்கிலும் அதன் மரங்கள். தினையும் தேனும் அதன் உணவு. அருவியும் சுனையும் அதன் நீர். ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் மாணவருக்கோ தெரிவது தேயிலை ஒன்றே. உயரத்தால் எங்கள் நிலம் குறிஞ்சி, கருப்பொருளால் அன்று. நிலம், நீர், மரம், தொழில், குடியிருப்பு, தெய்வம் என்று ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டியவை இங்கே எப்படிப் பிரிந்தன என்பதே இன்றைய பேச்சு.

மஸ்கெலியாப் பள்ளத்தாக்கு கோப்பிக் காலத்தின் பிற்பகுதியில் திறக்கப்பட்டது. 'திறத்தல்' என்பது துரைமாரின் சொல். காட்டை வெட்டி வீழ்த்தி, உலரவிட்டு, தீ வைத்து, சாம்பல் படிந்த சரிவில் கன்று நடுவதையே அவர்கள் அப்படிச் சொன்னார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. பயிர் மாறியது, ஆனால் வெட்டப்பட்ட காடு திரும்பவில்லை. தேயிலை கோப்பியைவிட உயரத்திலும் வளரும் என்பதால் கோடரி இன்னும் மேலே ஏறப் பார்த்தது.

இந்த வரலாற்றில் 1873ஆம் ஆண்டு கவனிக்க வேண்டியது. அந்த ஆண்டில் லண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், இலங்கையின் மலைக்காடுகள் அழிந்தால் நீரூற்றுகள் அழியும் என்று குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்கு எச்சரிக்கை செய்தார். கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டக்கூடாது என்பது அவருடைய யோசனை. அரசாங்கம் அதை ஏற்றது. 1885இல் வனக் கட்டளைச் சட்டம் வந்தது. 1940இல் சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த காடு சரணாலயமாக்கப்பட்டது. 2010இல் யுனெஸ்கோ அதை மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாக அறிவித்தது. இன்று எங்கள் ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் கருங்காட்டுக்கு 1873இல் இடப்பட்ட அந்தக் கோடும் ஒரு காரணம். அதற்காக ஹூக்கருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அதே 1873இல் தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் ஆட்சியில் நுவரெலியாவில் ஓர் ஏரி அமைக்கப்பட்டது. கிரெகரி வாவி என்று அவருடைய பெயரையே அது தாங்கி நிற்கிறது. 1897இல் விக்டோரியா பூங்காவும் அந்நகருக்கு வந்தது. வாவி, பூங்கா, நிழல்தரு வீதி, புல்வெளி, அவற்றிடையே தள்ளித் தள்ளி நிற்கும் பங்களாக்கள் என்று நுவரெலியா அமைந்தது. இயற்கையை நகர அமைப்புக்குள் கொண்டுவருவது எப்படி என்று அந்தக் காலத்து ஆட்சியாளருக்குத் தெரிந்தே இருந்தது. தங்களுக்கு வேண்டிய இடத்தில் அதைச் செய்தும் காட்டினார்கள்.

ஆகவே மலையுச்சிக்குச் சட்டம் இருந்தது. ஆள்வோர் இளைப்பாறும் நகருக்குத் திட்டம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில், ஐயாயிரம் அடிக்கோட்டுக்குக் கீழே, எங்கள் மக்கள் வாழ்ந்த சரிவுகளுக்கு இருந்தது கணக்கு மட்டுமே. ஏக்கருக்கு எத்தனை செடி, நாளுக்கு எத்தனை பேர், எத்தனை பேருக்கு எத்தனை காம்பரா என்ற கணக்கு. தேயிலைக்கு நல்ல நிலம் போக மிஞ்சிய இடத்தில் லயங்கள் எழுந்தன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் முதுகோடு முதுகாக ஒட்டி நின்றன. காற்று எந்தப் பக்கமிருந்து வரும், மழைநீர் எந்த வழியாக இறங்கும் என்று கேட்டுக் கட்டிய வரிசைகள் அல்ல அவை. துரை பங்களாவைப் பாருங்கள். அது சிகரத்தோள் ஒன்றில், மண் உறுதியாக உள்ள இடத்தில், மரநிழலோடு நிற்கும். இடம் தேர்ந்து கட்டும் கலை தோட்டத்தில் இல்லாமலில்லை; அது ஒரு வீட்டோடு நின்றுவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரிவைக் காக்கும் வேலையை நாள்தோறும் செய்தவர்கள் அந்த லயத்து மக்கள்தாம். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி மழைநீரின் வேகத்தைத் தணித்தவர்கள் அவர்கள். கல் அடுக்கி மண்ணைத் தாங்கியவர்கள் அவர்கள். முள்முருங்கையை நட்டு நிழலும் தழையும் கொடுத்தவர்களும், பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மானாப்புல்லும் கௌதமாலாப் புல்லும் வைத்து மண்ணை ஆற்றியவர்களும் அவர்களே. இன்று உலகத்து நகர அமைப்பாளர் 'பசுமை உட்கட்டமைப்பு' என்ற சொல்லை எடுத்தாள்கிறார்கள். வடிகால், வேர், புல், நிழல் ஆகியவற்றையும் பாதை, பாலம், மின்கம்பிபோல ஊரைத் தாங்கும் அமைப்பாகக் கொள்வதே அதன் பொருள். எங்கள் மக்களுக்கு அது கைப்பழக்கம். ஆனால் தேயிலைச் செடிக்குச் செய்த அந்தக் காவலைத் தம் வீட்டுக்குச் செய்துகொள்ள அவர்களுக்கு உரிமையில்லை, நிலம் அவர்களுடையதன்று.

இங்கே பற்றிக் கெடிஸ் என்பவரை அறிமுகப்படுத்த வேண்டும். ஸ்கொத்லாந்துக்காரர்; உயிரியல் படித்து நகர அமைப்புக்கு வந்தவர். 1914இல் தம்முடைய நகர அமைப்புக் கண்காட்சியோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். படங்களும் வரைபடங்களும் ஏறிய கப்பலை, சென்னையில் குண்டு போட்டதே, அந்த எம்டன் மூழ்கடித்தது. நண்பர்கள் புதிதாகத் திரட்டிக் கொடுத்தவற்றை வைத்து 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மதுரை, தஞ்சாவூர் உட்படச் சென்னை மாகாணத்து நகரங்களை நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல் வேண்டிய இடத்தில் மட்டும் கத்தி வைக்கும் சத்திரசிகிச்சையே நகருக்குத் தேவை என்றார். நுளம்புக்குப் பயந்து குளத்தைத் தூர்க்க வேண்டாம், மீனையும் வாத்தையும் விடுங்கள் என்று சொன்னவரும் அவரே. 1921இல் கொழும்புக்கும் ஓர் அறிக்கை கொடுத்தார். கொழும்பைக் கீழைத்தேயத்தின் பூங்கா நகராகக் காண்பது அவருடைய கனவு.

கெடிஸ் தம் மாணவருக்கு எப்போதும் ஒரு படம் காட்டுவார். ஒரு பள்ளத்தாக்கை மலையிலிருந்து கடல்வரை நெடுக வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு படம். உச்சியில் சுரங்கத் தொழிலாளியும் மரம் வெட்டுபவனும் வேடனும், இடையில் இடையன், கீழே உழவன், தோட்டக்காரன், கரையில் மீனவன். ஒரு நகரத்தை அறிய வேண்டுமானால் அதன் எல்லைக்குள் மட்டும் நின்று பார்த்தால் போதாது, அதன் ஆற்றோடு மேலேறி மலைவரை போய்ப் பார்க்க வேண்டும் என்பது அதன் பாடம். நிலமும் தொழிலும் மக்களும் ஒன்றையொன்று ஆக்குகின்றன என்றார் அவர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய தொழிலையும் மக்களையும் சேர்த்துச் சொன்ன நமக்கு இந்தப் படம் புதிதாகத் தோன்றுமா?

கெடிஸின் படத்தைக் கொழும்புக்கு வரைந்து பாருங்கள். கொழும்பின் ஆறு களனி. சுமார் 145 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆற்றின் தலைப்பிள்ளைகள் இரண்டு. ஒன்று கெஹெல்கமு ஓயா, மற்றது எங்கள் மஸ்கெலியா ஓயா. சிவனொளிபாதச் சாரலில் விழும் மழை எங்கள் லயங்களைக் கடந்து, அணைகளைக் கடந்து, அம்பத்தலையில் கொழும்பு மக்களின் குடிநீராகிறது. கொழும்பு பூங்கா நகராவதற்கு நட வேண்டிய முதல் மரம் மஸ்கெலியாவில் இருக்கிறது என்பேன்.

அணை என்றேன். மஸ்கெலியாவின் வரலாற்றில் ஒரே ஒரு முறை, ஊரைத் திட்டமிட்டு அமைக்கும் வாய்ப்பு உண்மையாகவே வந்தது. மலையாறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே வாதிட்டார். லக்சபான மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக மஸ்கெலியா ஓயாவுக்குக் குறுக்கே மவுசாகலை அணை எழுந்து 1969இல் நிறைவுற்றது. 12 கோடி கன மீற்றருக்கு மேல் நீர் கொள்ளும் அந்தத் தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடைவீதியும் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தண்ணீருக்குள் போயின. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது அவற்றின் எச்சங்கள் வெளியே தெரிகின்றன. மக்கள் இறங்கிப்போய்க் கும்பிடுகிறார்கள். பத்திரிகைகளில் படம் வருகிறது. மழை வந்ததும் மறந்துவிடுகிறோம்.

மேட்டில் புதிய மஸ்கெலியா எழுந்தது. புதிதாக ஒரு நகரை அமைப்பவருக்கு, மலைநாட்டில் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். எந்த ஓடையைத் திறந்து விடுவது? எந்தச் சரிவைத் தொடாமல் விடுவது? நகரத்தையும் சூழ்ந்த தோட்டங்களையும் எப்படி ஒரே ஊராகச் சேர்ப்பது? இன்றைய நகரைப் பார்க்கும்போது கடைகள் பாதையோரம் நெருங்கி நிற்கின்றன. நீரோடைகள் கொங்கிறீற்றுக்குள்ளும் கட்டிடங்களின் முதுகுக்குப் பின்னாலும் ஒதுங்கியிருக்கின்றன. தேயிலை நகரத்தின் விளிம்பிலேயே தொடங்கிவிடுகிறது. கேள்விகள் மூன்றும் இன்னும் நிற்கின்றன.

அந்த ஆண்டுகளில் கேள்வி கேட்க வேண்டிய மக்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்தப் பங்கீடு நடந்துகொண்டிருந்த தசாப்தத்திலேயே எங்கள் பள்ளத்தாக்கில் அணை எழுந்தது. ஊர் எங்கே அமைய வேண்டும், ஓடை எங்கே ஓட வேண்டும் என்று பேசும் உரிமை வாக்குச் சீட்டோடு வருவது. போகிறவரா இருக்கிறவரா என்றே தெரியாதவரிடம் யார் நகர வரைபடத்தை விரித்துக் காட்டுவார்கள்?

குடியுரிமை வந்த பின்னரும் ஒரு வேலி எஞ்சியிருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குள் பணம் செலவிடத் தடையாக நின்றது. சபையின் வடிகாலும் விளக்கும் தோட்ட எல்லையில் நின்றுவிடும். மழைநீருக்கு அந்த எல்லை தெரியாது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மஸ்கெலியாவுக்குத் தனியே பிரதேச சபை கிடைத்ததும் அதே ஆண்டில்.

இவை ஏட்டுக் குறைகள் அல்ல என்பதை மலை நமக்குப் பலமுறை சொல்லிவிட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் மிகப் பலர் மலைநாட்டின் மண்சரிவுகளில் மாண்டவர்கள். அதே மழையில் களனி பெருகிக் கொழும்பின் புறநகர்களுக்குள் புகுந்தது. கெடிஸின் படத்தில் உச்சியும் கரையும் ஒரே கோட்டில் இருப்பதை அந்த வாரத்தில் எல்லோரும் கண்டார்கள்.

மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வேர் மேல்மண்ணைப் பிடிக்கும். ஆழத்தில் நீர் ஊறிப் பாறைமேல் மண் வழுக்கத் தொடங்கினால் காடும் சேர்ந்தே சரியும். ஆகவே மரத்தோடு நீர்வழியும் வேண்டும், வீட்டுக்கு இடம் தேர்வதும் வேண்டும். வீடு கட்டுவதற்காகச் சரிவை நட்டுக்குத்தாக வெட்டுவதும், வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளுவதும், கூரைநீரை வழியில்லாமல் விடுவதும் மலையில் நாமே தேடிக்கொள்ளும் ஆபத்துகள். பசுமை என்பதைப் பூச்சாடியாக நினைத்தால் இவற்றில் ஒன்றும் தீராது. அத்திவாரமாக நினைத்தால் தீர வழியுண்டு.

வழிகாட்ட நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா தம்புள்ளைக்கு அருகே வடிவமைத்த கந்தளம ஹோட்டல் 1994இல் திறக்கப்பட்டது. மலைச்சரிவின் முகத்தை ஒட்டித் தூண்கள்மேல் அது நிற்கிறது. மலையிலிருந்து வரும் மழைநீர் கட்டிடத்துக்கு அடியாகப் போய்க் குளத்தைச் சேர்கிறது. கொடிகள் சுவரை மூடிக் கட்டிடத்தைக் காட்டோடு சேர்த்துவிட்டன. பணக்கார விடுதியைக் காட்டி ஏழை வீட்டைப் பற்றிப் பேசுவதா என்று கேட்பீர்கள். நான் எடுத்துக்கொள்வது அதன் செலவையன்று. நீருக்கு வழிவிட்டு நிற்பது என்ற நெறியை. அது நம் கான் வெட்டும் நெறியேதான்.

கொழும்பும் பாடம் படித்தது. நிரப்பி வீடு கட்டத் தகுந்த தரிசென்று நினைத்த சதுப்பு நிலங்களே வெள்ளத்தை உள்வாங்கி நகரைக் காக்கின்றன என்று உணர்ந்து அவற்றைப் பேணத் தொடங்கியது. 2018இல் ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரமும் பெற்றது. நம் உறவினர் வாழும் சிங்கப்பூரிலோ, பீஷான் பகுதியில் நேரான கொங்கிறீற்றுக் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை உடைத்து, வளைந்து ஓடும் இயற்கை ஆறாக்கி, 2012இல் பூங்காவோடு சேர்த்துவிட்டார்கள். பெருமழையில் பூங்கா ஆற்றுக்கு இடம் கொடுக்கிறது. மழை ஓய்ந்தால் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

மஸ்கெலியாவுக்கு என்ன செய்யலாம்? 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்தபோது, முன்னர் அறிவித்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் மலையகத்துக்குத் தரப்படும் என்றார். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது எங்கள் மக்களின் இருநூறு ஆண்டுக் கனவு. அந்த வீடுகள் லயங்களையே பிரித்து வரிசையாக வைத்தவை ஆகிவிடக்கூடாது. காணி அளப்பதற்கு முன் ஓடைகளை அளக்க வேண்டும். ஓடையின் இரு கரையிலும் ஒரு பட்டி மரங்களுக்கென்று விடப்பட வேண்டும். ஐயாயிரம் அடிக்கு மேல் காடு தனியாகவும் அதற்குக் கீழ் தேயிலை தனியாகவும் இருந்த நிலையை, ஓடையோரக் காடுகள் கொடிபோல இறங்கி வந்து இணைக்கலாம். பீலிக்கரையை மூடாமல் ஊரின் பொது இடமாக்கலாம். டிசம்பர் முதல் வெசாக் வரை சிவனொளிபாதத்துக்கு வரும் பெருந்திரளான யாத்திரிகருக்கு நிழலும் ஒதுங்கிடமும் தரும் நகராக மஸ்கெலியாவை அமைக்கலாம்.

இவற்றையெல்லாம் வரைபவர் வருவதற்கு முன் ஒருவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தப் பாறைக்கடியில் மாரியில் ஊற்று உடைக்கும், எந்தக் கான் அடைத்தால் எந்த லயத்துக்குள் நீர் புகும், எந்த மலையில் மண் இளகும் என்பதை நாற்பது ஆண்டு மலையேறிய கங்காணியாரும் கொழுந்தெடுத்த அம்மாவும் அறிவார்கள். எங்கள் பேச்சில் தேயிலைத் திடலுக்கே 'மலை' என்றுதான் பெயர். அந்த அறிவு எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆபத்து வரைபடமும் அவர்களுடைய நினைவும் ஒரே மேசையில் வைக்கப்பட வேண்டும். அது நடந்தால் 1969இல் தவறிய வாய்ப்பு வேறொரு வடிவில் திரும்பி வரும்.

வள்ளுவர் ஒரு நாட்டின் அரணைச் சொல்லும்போது நீரையும் வெளிநிலத்தையும் மலையையும் நிழல் செறிந்த காட்டையும் ஒரே மூச்சில் வைத்தார். எங்களிடம் நீர் உண்டு, மலை உண்டு, உச்சியில் காடும் உண்டு. அவை நான்கும் ஓர் அரணாகச் சேரவேண்டிய இடம், மனிதர் படுத்துறங்கும் இந்த நடுச்சரிவு. அங்கே ஒரு கோடு கீறுவதானால் அது ஆளையும் காட்டையும் பிரிக்கும் கோடாக இருக்க வேண்டாம். மழை எந்த வழியாக இறங்குகிறதோ அந்த வழியாகவே அதைக் கீறுவோம்.